அப்பாவின் கிணற்றுக் கொப்பிகள்

அப்பாவின் அந்தியேட்டி முடிந்த மறுவாரம், வீட்டுக்குப் பின்னால் அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்த கொட்டிலை அம்மாவும் நானும் ஒதுக்கத் தொடங்கினோம். செத்தவீட்டுக்கு வந்தவர்களில் பலர், தாங்கள் ஐயாவுக்குக் காசு கொடுக்க வேண்டியிருப்பதாகவும், கணக்குக் கொப்பியைப் பார்த்துத் தொகையைச் சொன்னால் கொண்டுவந்து தருவதாகவும் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஆகவே நாங்கள் முதலில் தேடியது கணக்குக் கொப்பியைத்தான். ஸ்பானர்கள் அடுக்கியிருந்த மரப்பெட்டியின் அடியில், உரப்பையால் சுற்றிச் சணற்கயிற்றால் கட்டிய ஒரு பொதி கிடைத்தது. பிரித்துப் பார்த்தபோது உள்ளே பதினான்கு கொப்பிகள் இருந்தன. கடன் விபரம் ஒரு வரிகூட அவற்றில் இல்லை. பக்கம் பக்கமாகத் திகதியும் அதற்கு நேரே ஓர் அளவும் மட்டுமே எழுதப்பட்டிருந்தன: "14½ முழம்", "15 முழம், மழை இல்லை", "11 முழம், இறைப்பு நிறுத்தம்". 1964 ஆம் ஆண்டு தை மாதம் முதல் ஏறத்தாழ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், கிணற்றுக்கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை முழம் கீழே நிற்கிறது என்பதை அப்பா அளந்து எழுதி வைத்திருந்தார்.

அவர் கிணற்றை அளப்பார் என்பது எங்களுக்குத் தெரியாத செய்தியன்று. முழத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்ட கயிற்றின் நுனியில் பழைய பிஸ்ரன் ஒன்றைக் கட்டி, காலைத் தேத்தண்ணிக்கு முன்னர் அவர் கிணற்றுக்குள் இறக்குவதைப் பார்த்துக்கொண்டேதான் நானும் தம்பியும் வளர்ந்தோம். ஆனால் அந்த அளவுகளை இவ்வளவு காலமும் ஒன்றுவிடாமல் காத்து வைத்திருந்தார் என்பதை அம்மாகூட அறிந்திருக்கவில்லை. அந்தக் கொப்பிகளை மேசைமேல் வைத்து, ஒவ்வோர் ஆண்டாகப் புரட்டிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். அப்பாவைப் பற்றி நான் சொல்ல நினைப்பவையெல்லாம் எப்படியோ அந்தக் கிணற்றடியில்தான் வந்து நிற்கின்றன.

எங்கள் ஊர் ஏழாலை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறுதான் நாங்கள் ஆறு என்று காட்டக்கூடிய ஒன்று. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கின்ற மழை, செம்மண்ணைக் கடந்து சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்குகிறது. ஆண்டின் மிகுதி மாதங்களில் மனிதரும் மாடுகளும் புகையிலையும் வெங்காயமும் வாழ்வது அந்தச் சேமிப்பில்தான். அப்பா பிறந்த 1938 ஆம் ஆண்டில் எங்கள் பகுதித் தோட்டங்களுக்கு அந்தத் தண்ணீரைத் துலாவினால்தான் இறைத்தார்கள். ஆடுகால்களுக்கு மேலே கிடக்கும் நீண்ட துலாவில் இருவர் முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க, கிணற்றின் விளிம்பில் நிற்பவர் துலாக்கொடியைப் பிடித்து இறக்கி, மேலே வருகின்ற பட்டையை வாய்க்காலில் சரிப்பார். தோட்டத்துக்குள் ஒருவர் மண்வெட்டியுடன் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறும்வரை நீடிக்கும் அந்த வேலையில்தான், அப்பாவுக்குப் பதினைந்து வயதாயிருந்தபோது, அவருடைய தகப்பனார் துலாவிலிருந்து தவறி விழுந்து இடுப்பு முறிந்துபோனார். அதற்குப் பிறகு அந்த அப்பு எழுந்து நடக்கவில்லை. அப்பா பள்ளிக்கூடத்தை விட்டதும் அந்த மாதத்தில்தான்.

நிலைமை அப்படியிருக்கையில், மண்ணெண்ணெயில் இயங்கும் வில்லியர்ஸ் இயந்திரத்தைக் கிணற்றடியில் வைத்து, துலாவும் இல்லாமல் மனிதரும் ஏறாமல் தண்ணீர் இறைக்கலாம் என்பதைக் கண்ட ஒரு பையனின் மனம் எப்படியிருந்திருக்கும் என்று நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தகப்பனைப் படுக்கையில் வீழ்த்திய வேலையை இனி எவருமே செய்யவேண்டியதில்லை என்றுதான் அவருக்குத் தோன்றியதாம். சுன்னாகத்தில் ஒரு வேலைத்தலத்தில் எட்டு வருடம் எடுபிடியாக நின்று தொழில் பழகி, 1963 இல் வீட்டின் பின்புறத்தில் கிடுகுக் கொட்டில் போட்டுத் தனியாகத் தொடங்கினார். ஊரில் எல்லோரும் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தை மிசின் என்றுதான் சொல்வார்கள். ஆகையால் அப்பா எல்லோருக்கும் 'மிசின் ஐயா' ஆனார். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் அழைத்தார்கள்.

அவர் பழுது பார்க்கும் முறை எனக்கு இப்போதும் கண்முன் நிற்கிறது. கொண்டுவந்தவர் என்ன குறை சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். ஆனால் உடனே ஸ்பானரைத் தொடமாட்டார். சிறிய தாங்கிக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு, கப்பியில் கயிற்றைச் சுற்றி ஒரே இழுவையில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். பின்னர் நீண்ட ஆணிமுறுக்கியின் நுனியை இயந்திரத்தின் உடலில் வைத்து, அதன் மரப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் நாங்கள் எவரும் கதைக்கக் கூடாது. நீலப்புகை கொட்டிலுக்குள் நிறைந்து, பனங்கட்டியும் தேத்தண்ணியும் வைத்திருந்த வாங்கிலின்மேல் இறங்கும். இரண்டு மூன்று நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்து, "வல்வு இல்லை, தம்பி. வாசர் போட்டுது," என்பார். அநேகமாக அதுவே பழுதாக இருக்கும். பிரித்த உறுப்புகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே வெள்ளைச் சீலையில் வரிசையாக அடுக்குவார். திரும்பப் பூட்டும்போது அந்தச் சீலை கடைசியிலிருந்து முதலுக்கு ஒவ்வொன்றாக வெறுமையாகும். அந்தச் சீலையை அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் சவர்க்காரம் போட்டு அவித்துத் தோய்த்தும், அதன் கறை ஒருநாளும் முற்றாகப் போகவில்லை.

1970 க்குப் பின்னர் வந்த சில ஆண்டுகள் எங்கள் பகுதித் தோட்டக்காரருக்கு மிகவும் நல்ல காலம். வெளிநாட்டிலிருந்து மிளகாயும் வெங்காயமும் இறக்குமதியாவதை அன்றைய அரசாங்கம் கட்டுப்படுத்தியதால், யாழ்ப்பாணத்துச் செத்தல்மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கொழும்பில் நல்ல விலை கிடைத்தது. 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்படும் வரைக்கும் அது நீடித்தது. எங்கள் கல்வீடு அந்தக் காலத்தில் எழுந்ததுதான். எல்லோரும் இன்னும் கொஞ்சம் அதிகமாக நடவும், இன்னும் கொஞ்சம் அதிகமாக இறைக்கவும் விரும்பினார்கள். அப்பாவின் கொட்டிலுக்கு முன்னால் மாட்டுவண்டில்களிலும் சைக்கிள் கரியர்களிலும் மிசின்கள் வந்து காத்துக் கிடந்தன.

அவருடைய வாழ்க்கையில் அவர் தன்னை மன்னிக்காத ஒரு காரியம் நடந்ததும் அந்தச் செழிப்புக்கு நடுவில்தான். அதை அவர் எனக்கு ஒரேயொரு தடவைதான் சொன்னார். 1992 ஆம் ஆண்டு, நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். சுண்ணக்கல்லுக்குள் இருக்கும் நன்னீர், அதனிலும் பாரம் கூடிய உவர்நீரின் மேலே ஒரு வில்லையைப் போல மிதக்கிறது என்பதையும், கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பதையும், ஆகையால் மேலே ஓர் அடி வற்றினால் கீழேயிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவரக் கூடும் என்பதையும் அன்றைய விரிவுரையில் கேட்டிருந்தேன். அப்பாவுக்குத் தெரியாத ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன் என்ற பெருமையோடு, குப்பிவிளக்கு வெளிச்சத்தில் படம் கீறி அவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் இடைமறிக்காமல் கேட்டுவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிச் சென்றார். உள்சுவரில், கட்டிலிருந்து பதினெட்டு முழத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு கோடு இருந்தது. தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் எங்கள் வீட்டில் மிசின் நிற்பாட்டப்படும் என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். ஏனென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"நீ சொன்னது சரி, பிள்ளை," என்றார். "ஆனால் எனக்கு அது படிச்சு வந்ததில்லை. ஒரு மனிசன்ரை கிணத்தைக் கெடுத்துப்போட்டுத்தான் வந்தது."

வலிகாமம் மேற்கில் கடலை அண்டிய ஓர் ஊரிலிருந்து ஒருவர், தன்னுடைய கிணற்றில் இரண்டு மடங்கு நிலத்துக்கு இறைக்கக்கூடிய பெரிய மிசின் வேண்டும் என்று 1972 இல் அப்பாவிடம் வந்தாராம். அப்பா இரண்டு பழைய இயந்திரங்களின் உறுப்புகளைச் சேர்த்து, நல்ல வலுவான ஒன்றைச் செய்து, தானே கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுத்தார். முதல் போகம் அமோகமாக விளைந்தது. இரண்டாம் போகத்தில் வெங்காயத் தாள் நுனியிலிருந்து எரியத் தொடங்கியது. போய்த் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தபோது உப்புச் சவர். அந்த மனிதர் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லையாம். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுப்பதற்குப் பக்கத்து வளவுக் கிணற்றில் தண்ணீர் அள்ளிவரச் சொல்லி மகளை அனுப்பினாராம். அதைத்தான் அப்பாவால் தாங்க முடியாமற் போயிற்று. மிசினுக்கு வாங்கிய காசை முழுவதும் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்த அன்றே எங்கள் கிணற்றுக்குள் இறங்கி அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டார். அதன் பிறகு, மிசின் வாங்க வருகிறவர் யாராயிருந்தாலும், அவருடைய கிணற்றைப் பார்க்காமல் அப்பா விற்றதில்லை. கிணற்றடியில் குந்தியிருந்து, அது எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது என்று பார்த்து, "உங்களுக்குச் சின்னன் காணும்," என்று சொல்லிவிடுவார். அதனால் வேறு இடத்துக்குப் போய்ப் பெரிதாக வாங்கியவர்களும் உண்டு. அவர்களுடைய மிசின் பழுதானபோதும் அதே கவனத்தோடு திருத்திக் கொடுத்தார்.

1990 இல் போரோடு தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தை நான் சுருக்கமாகவே சொல்கிறேன். அதை வாழ்ந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அதற்கென ஒரு புத்தகம் இருக்கும். பெற்றோல், மண்ணெண்ணெய், உரம், பற்றறி, உதிரிப்பாகம் எல்லாவற்றுக்கும் தடை இருந்தது. அப்பா பழைய ரயர் ரியூபை வெட்டி வாசர் செய்தார். மருந்துப் போத்தலொன்றைத் தலைகீழாகக் கட்டி, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விழச்செய்து மிசினைக் கிளப்பக் கற்றுக்கொடுத்தார். மண்ணெண்ணெய்க்கு வழியே இல்லாத வீடுகளுக்கு, தானே ஆடுகால் நட்டுத் துலாவும் போட்டுக் கொடுத்தார். தகப்பனாரை வீழ்த்திய அந்தத் துலாவைத் தன் கையாலே மறுபடியும் நிறுத்தியபோது அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு துலாவிலும், மிதிப்பவர் பிடித்துக்கொள்வதற்கென்று மேலே இரு பக்கமும் மூங்கில் கைபிடி கட்டாமல் அவர் வேலையை முடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

கொப்பிகளில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 27, வெள்ளிக்கிழமை, "17 முழம், மழை வரும்" என்று எழுதியதற்குப் பிறகு அடுத்த பதிவு 1996 மே மாதத்தில்தான். போர் நெருங்கி வந்ததால் ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு எங்கள் வலிகாமத்து மக்கள் எல்லோரும் எழுந்து நடந்தபோது நாங்களும் நடந்தோம். கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில், ஓர் அடி வைப்பதற்கும் காத்து நிற்கவேண்டிய சனநெரிசலில், அப்பா சைக்கிளின் கரியரில் ஸ்பானர்ப் பெட்டியையும் அதன்மேல் அரிசிப் பையையும் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். மீசாலையில் ஒரு வீட்டுக்காரர் எங்களுக்கு விறாந்தையில் இடம் தந்தார். அந்த ஒரு வளவுக்குள் பதினொரு குடும்பங்கள் இருந்தன, கிணறு ஒன்றுதான்.

மூன்றாம் நாள் வாளியில் சேறு வந்தது. மாரி தொடங்கியிருந்தும், பகலும் இரவும் ஓயாமல் அள்ளியதில் கிணற்றுக்கு ஊறுவதற்கே நேரம் கிடைக்கவில்லை. அன்றிரவு அப்பா வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, மறுநாள் விடியற்புறம் மூன்றரை மணிக்குக் கிணற்றடியில் போய் இருந்துகொண்டார். விடியுமுன் குடிக்கவும் சமைக்கவும் மட்டும், ஆளுக்கல்ல, குடும்பத்துக்கு இவ்வளவு என்று அள்ளலாம். காலை பத்து மணி முதல் பின்னேரம் இரண்டு மணி வரை கயிற்றை எவரும் தொடக்கூடாது. குளிப்பு ஒருநாள் விட்டு ஒருநாள், ஆளுக்கு நான்கு வாளி. கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் நோயாளிகளுக்கும் எந்த நேரமும் தடையில்லை. இதுதான் அவர் வகுத்த ஒழுங்கு. ஒருவர் கோபத்தோடு, "இதென்ன, உங்கடை கிணறோ?" என்று கேட்டார். அப்பா எழும்பவில்லை, குரலும் உயரவில்லை. "என்ரை கிணறெண்டால் வத்தினால் வத்தட்டும் எண்டு விட்டிருப்பன், தம்பி. இது எங்களுக்கு இடம் தந்த மனிசரின்ரை கிணறு," என்றார். கேட்டவர் வாளியை வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாட்களுக்குப் பிறகு அப்பாவுக்கு ஓய்வு கொடுக்க அவரே வந்து மூன்றரை மணிக்குக் காவலிருந்தார். ஆறு மாதத்துக்கும் மேல் அந்தக் கிணறு பதினொரு குடும்பங்களைத் தாங்கியது. 1996 இல் ஊர் திரும்புவதற்கு முதல்நாள், அப்பா இளைஞர் நால்வரைச் சேர்த்துக்கொண்டு கிணற்றைக் கலக்கி இறைத்து, அடியில் கிடந்த வாளிகள், செருப்பு, கரண்டி எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டார். 2000 ஆம் ஆண்டில் மீசாலை இருக்கும் தென்மராட்சியில் சண்டை மூண்டு அந்த வீட்டுக்காரர் ஓடிவந்தபோது, அவர்கள் நேரே வந்து இறங்கியது எங்கள் வீட்டில்தான். அவர்கள் இருந்த மாதங்களில் எங்கள் வீட்டில் ஒருவரும் அவர்களுக்கு வாளிக்கணக்குச் சொல்லவில்லை.

தம்பி போருக்குள்ளேயே கனடாவுக்குப் போய்விட்டான். 2002 இல் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்த பிறகு, முதன்முறையாகத் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவனுடைய பிள்ளைகள் 'அப்பப்பா' என்றும், என்னுடைய பிள்ளைகள் 'அம்மப்பா' என்றும் கூப்பிட, ஒரே முற்றத்தில் இரண்டு பெயர்களுக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தில் அன்று நான் கண்ட மகிழ்ச்சியை அதற்கு முன்னர் கண்டதில்லை. எங்களோடு கதைத்ததைவிடப் பல மடங்கு அதிகமாக அவர் பேரப்பிள்ளைகளோடு கதைத்தார். அவர்கள் எல்லோரையும் வானில் ஏற்றி, புத்தூருக்கு அண்மையில் நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றுக்குக் கூட்டிச் சென்றார். அடி இல்லாத கிணறு என்று ஊரார் சொல்லும் அதன் கரையில் நின்று, மேலே நல்ல தண்ணீர் என்றும், கீழே போகப் போக உப்பு என்றும், எங்கள் கிணறுகள் எல்லாவற்றுக்கும் அடியில் அதே உப்பு இருக்கிறது என்றும் சொன்னார். கனடாவிலிருந்து வந்த சின்னவன், "அப்பப்பா, அப்ப உப்பு எப்ப மேல வரும்?" என்று பயந்து கேட்டான். "நாங்கள் பேராசைப்படேக்கை வரும், குஞ்சு," என்று அவனைத் தூக்கிக்கொண்டார்.

என் மகளோடு அவருக்கு இருந்த உறவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நான் சிறுமியாக இருந்தபோது கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தால், "பொம்பிளைப் பிள்ளைக்கு இஞ்சை என்ன வேலை? போய்ப் படி," என்று அனுப்பிவிடுவார். தம்பியைக் கூப்பிட்டு ஸ்பானரைக் கையில் கொடுத்தார். அவனுக்கோ அதில் நாட்டமில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு விடுமுறை நாளில், என் மகள் அதே கொட்டிலில் சப்பாணி கட்டியிருந்து, வெள்ளைச் சீலையில் காபரேற்றரின் உறுப்புகளைக் கழற்றிய ஒழுங்கில் அடுக்கிக்கொண்டிருந்ததையும், அப்பா கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்ததையும் கண்டபோது எனக்குள் எழுந்தது முதலில் மகிழ்ச்சியன்று. வாசலில் நின்ற என்னை அவர் பார்த்தார். சிறிது நேரம் கழித்து, "உன்னையும் விட்டிருக்கலாம், பிள்ளை," என்றார். நான் உள்ளே போய் மகளுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஜெற்றை ஊதித் துப்புரவாக்குவது எப்படியென்று அவள்தான் எனக்குக் காட்டினாள். அவள் பின்னர் கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கப் போனாள். அந்தச் செய்தியைக் கேட்க அப்பா இருக்கவில்லை.

கடைசிப் பத்தாண்டுகளில் அவருடைய கவலை வேறாக இருந்தது. போர் முடிந்து, மின்சாரம் சீராகி, தோட்டங்களுக்கெல்லாம் மின்மோட்டார் வந்தது. துலாவுக்கு மனிதனின் உடம்பு ஓர் எல்லை, மிசினுக்கு மண்ணெண்ணெயின் விலை ஓர் எல்லை, இந்தச் சுவிச்சுக்கு என்ன எல்லை என்று கேட்பார். மோட்டாரைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. ஆளில்லாத நேரத்தில் போய் நிற்பாட்டி, சண்டையும் பட்டிருக்கிறார். உரத்தால் எங்கள் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்றுக் கூடுகிறது என்று நான் சொன்னபோது, அதன் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்திருக்கும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லை, அவருடைய பன்னிரண்டாவது கொப்பியின் பின்னட்டையில் நடுங்கும் எழுத்தில் இருக்கிறது. 2014 அளவில், சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாகப் பெருங்கவலை எழுந்து, ஊருக்குப் பவுசரில் குடிதண்ணீர் வந்தது. பிளாஸ்ரிக் பேணியோடு வரிசையில் நின்றுவிட்டு வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. வாழ்நாள் முழுவதும் எண்ணெய் படிந்த கைகளைக் கழுவும்போதும் கிணற்றிலிருந்து பதினைந்து பாகம் தள்ளி நின்று கழுவிய மனிதர் அவர்.

பின்னர் பார்வை மங்கியது. கடைசிக் கொப்பியில் 2017 முதல் எழுத்து என் மகனுடையது. கயிற்றை அப்பாதான் இறக்குவார்; முடிச்சுகளை விரலால் எண்ணிச் சொல்ல, பேரன் எழுதுவான். 2019 மாசியில் ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையில் படுத்தவர் எழும்பவில்லை. எண்பத்தொரு வயது. வழக்கப்படி கீரிமலையில் அந்தியேட்டி செய்தோம்; கடலுக்கு அருகிலேயே நல்ல தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கும் அந்தக் கேணியில், கனடாவிலிருந்து வந்திருந்த தம்பி முழுகி எழுந்தான்.

கொப்பிகளை வாசிக்கும்போது ஒரு குறிப்பு மட்டும் எங்களுக்கு விளங்காமல் இருந்தது. 1974 முதல் ஒவ்வொரு தை மாதத்திலும், பொங்கலுக்கு மறுநாளின் திகதியிட்டு, அளவு எதுவும் இல்லாமல், "மே. கி. சவர்" என்று ஒரு வரி வரும். சில ஆண்டுகளில் அது இல்லை. 1988 இலும் 1996 இலும் இல்லை. 2003 இல் "மே. கி. சவர் குறைவு" என்று மாறுகிறது. 2013 இல் "மே. கி. தேத்தண்ணிக்கு ஆகும்" என்று இருக்கிறது. 2016 க்குப் பிறகு அந்தக் குறிப்பு இல்லை. அம்மா நெடுநேரம் யோசித்துவிட்டு, பட்டிப்பொங்கல் நாளில் அவர் புக்கையை வாழையிலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு சைக்கிளில் எங்கேயோ போய்ப் பின்னேரம்தான் வருவார் என்றும், கேட்டால் மிசின் பார்க்கப் போனதாகச் சொல்வார் என்றும் சொன்னார். அப்போதுதான் எனக்கு 1992 ஆம் ஆண்டின் அந்த இரவு நினைவுக்கு வந்தது. 'மே. கி.' என்பது மேற்குக் கிணறு.

அப்பாவிடம் தொழில் பழகிய ஒருவருக்கு அந்த வீடு தெரிந்திருந்தது. ஆட்டைத்திவசம் முடிந்து வந்த முதல் ஆடி அமாவாசைக்கு முதல்நாள், பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மிசின் வாங்கியவர் எப்போதோ காலமாகிவிட்டார். தேத்தண்ணிக்குத் தண்ணீர் அள்ளிவரப் பக்கத்து வளவுக்குப் போன அந்த மகள், இப்போது பேரப்பிள்ளை கண்ட அம்மாவாக, எங்களைத் திண்ணையில் இருத்தினார். "ஐயா வருசா வருசம் வருவார். புக்கையைத் தந்திட்டு, ஒரு வாளி தண்ணி அள்ளி, ஒரு மிடறு குடிச்சுப் பாத்திட்டுப் போடுவார். எங்கடை அப்பா இருக்கேக்கை ரெண்டு பேரும் ஒண்டும் கதையாமல் கிணத்துக்கட்டிலை கனநேரம் இருப்பினம்," என்றார். அந்தக் கிணற்றில் அதன் பிறகு அவர்கள் மிசின் பூட்டவேயில்லையாம். மாரி மழையெல்லாம் கிணற்றைச் சுற்றித் தேங்கும்படி வரம்பு கட்டிவிடச் சொன்னதும் அப்பாதானாம்.

என் மகன் ஒரு வாளி அள்ளினான். நாங்கள் மூவரும் கையில் ஏந்திக் குடித்தோம். நாவின் ஓரத்தில் சவர் இன்னும் கொஞ்சம் இருந்தது. கிணற்றடிக்குப் பின்னால் நான்கு வரிசை கத்தரி காய்த்து நின்றது. புறப்படும்போது அந்த அம்மா ஒரு பை நிறையக் கத்தரிக்காய் பிடுங்கித் தந்தார். விலை கேட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அப்பாவின் விரதப் படையலில், காத்தோட்டிக்காயோடு அந்தக் கத்தரிக்காயையும் அம்மா பால்கறி வைத்தார்.